நாலு கோடு சிக்னல்

பரவை மார்க்கெட்டில் கத்தரிக்காய் என்ன விலை
என்று பார்க்கத்தான்
தங்கமாயன் என் போனை வாங்கினார்.
அவருடையது சார்ஜில் கிடந்தது.
'பர' என்று இரண்டு எழுத்து அடித்திருப்பார்.
மிச்சத்தைப் போனே சொல்லிவிட்டது:
பரஸ்பர சம்மத விவாகரத்து எத்தனை மாதம் ஆகும்.

நிமிரவில்லை.
'சிக்னல் இல்லைங்க' என்று திருப்பித் தந்தார்.
நாலு கோடும் நிறைந்து நின்றது.
உள்ளே நூற்று இருபது சாப்பாட்டுக்கு
அரிசி களைகிற சத்தம்.
நான் பில் புத்தகத்தில்
ஒரே தேதியை மூன்று தாளில் எழுதினேன்.

அம்மாவுக்குத் தெரியாது. கட்டியவனிடமே
இன்னும் சொல்லவில்லை.
ராத்திரி ஒன்றரைக்கு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு
இந்தப் பெட்டியிடம் கேட்டேன்.
பதில் ஆறு வரி.
கேட்டதற்குக் கூலியாக மறுநாளிலிருந்து
வக்கீல் விளம்பரம்,
ஒற்றை ஆளுக்கு வாடகை வீடு,
தனிமைக்குத் தியானம்.

சாயங்காலம் சிலைமான் பஸ்.
கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துத் தந்த கண்டக்டர்
'எங்க?' என்று மட்டும் கேட்டார்,
ஏன் என்று கேட்கவில்லை.
சீட்டில் என் பெயர் இல்லை.

தெப்பக்குளம் தாண்டுமுன் தேட ஆரம்பித்தேன்:
எதையும் சேர்த்து வைக்காத உலாவி எது.
இதையும் அந்தப் பழையதிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.
உன்னை விட்டுப் போகிறேன்,
வழி சொல்லு என்பது மாதிரி.

அதுவே முதலில் தன் மறைநிலையைக் காட்டியது.
தொப்பி, கறுப்புக் கண்ணாடி.
கீழே பொடி எழுத்தில் ஒத்துக்கொள்கிறது:
வேலையிடத்து வைஃபைக்காரர் பார்க்கக்கூடும்.

அப்புறம் கடை முழுக்க மிருகங்கள்.
ஒரு சிங்கம். ஒரு வாத்து. உடம்பைச் சுருட்டிய ஒரு நரி.
நரியைப் பரியாக்கிக் காட்டிய ஊர் இது.
விடிவதற்குள் பரியெல்லாம் நரியாகி
லாயத்தில் ஊளையிட்ட ஊரும் இதுதான்.
படத்தைப் பார்த்து எதையும் நம்ப முடியவில்லை.
இந்தப் பஸ்ஸுக்கு எனக்குப் பதில் சர்க்கார் கட்டுகிறது,
உனக்கு யார் கட்டுகிறார்கள் என்று
ஒவ்வொன்றின் கீழேயும் தேடிக்கொண்டே வந்தேன்.

சிங்கம் வேகம்தான்,
திறந்ததும் ஏதோ நாணயத்தைப் பற்றிப் பேச்செடுத்தது.
நரி எல்லாவற்றையும் என் பொறுப்பில் விட்டது,
சுவிட்சு மேல் சுவிட்சு.
எனக்கு விரகனூர் வருவதற்குள் முடிய வேண்டும்.
வாத்தில் ஒரு தீக்கொழுந்து இருந்தது.
தொட்டால் பார்த்ததெல்லாம் எரிந்துவிடுமாம்.

இறக்கப் போனால் போனில் இடமில்லை.
கல்யாண வீடியோ, அறுநூறு எம்பி,
மூன்று வருஷமாக யாரும் திறக்காதது.
விரல் அதன்மேல் நின்றது.
பிரியாணி செய்முறைகளை அழித்தேன்.

விரகனூரில் இறங்கி
ரீசார்ஜ் கடை வெளிச்சத்தில் தொட்டுப் பார்த்தேன்.
திரை கீழிருந்து மேலாக எரிந்தது.
சூடு இல்லை, சாம்பல் இல்லை.
பரிந்துரை என்றிருந்த சுவிட்சையும் அணைத்தேன்.
வங்கிப் பக்கம் மட்டும் அதில் திறக்க மாட்டேன் என்கிறது.
அதற்குப் பழையதை வைத்திருக்கிறேன்.
ஒரேயடியாக விட்டுவிட முடிகிறதா எதையும்.

தங்கமாயன் பார்த்ததை
எந்தத் தீக்கொழுந்தும் எரிக்காது, அது தெரியும்.
காலையில் காய்ப் பையோடு வந்தார்.
அவர் போன் பாட்டுக்கு
சட்டைப் பையில் எரிந்துகொண்டிருந்தது.
'சிக்னல் வந்திருச்சு' என்று
என்னுடையதை நானே நீட்டினேன்.

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார்.
வாங்கி, 'பர' என்று அடித்தார்.
போன் வாயைத் திறக்கவில்லை.
மிச்சத்தை, மார்க்கெட் வரைக்கும்,
ஒற்றை விரலால் அவரே அடித்து முடித்தார்.

கத்தரிக்காய் கிலோ நாற்பத்தெட்டு என்றார்.
கூடுதல்தான் என்றேன்.